கல்வாழைத் தொட்டி

என் வீட்டுக்காரர் சாரத்தில் இருந்து விழுந்தது ஒரு மாசி மாதம். எண்பதுகள் முடியப்போகிற சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் கொத்தனார், மேலே பூசிக்கொண்டிருந்தார். நான் சித்தாள், கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்தேன். கயிறு தெறித்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பலகை சாய்ந்திருந்தது. அவர் மணல் குவியலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தார். மணலில் விழுந்திருந்தால் தூசியைத் தட்டிவிட்டு எழுந்திருப்பார்.

இடுப்பிலும் தொடையிலும் எலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பிறகு ராஜபாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தோம். வீடு என்றால் ஒரு அறை, சமைக்க ஒரு சாய்ப்பு, பின்னால் கொஞ்சம் வெட்டவெளி. அவர் கட்டியது. செங்கல் எடுத்துக் கொடுத்தது நான். பிள்ளை இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

கோடை முடியும்போது டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து நின்று பழக வேண்டும் என்றார். நிற்காமல் கிடந்தால் கால் சூம்பிவிடும், அதற்குப் பிறகு நினைத்தாலும் நிற்க முடியாது என்றார். அவரிடம் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார்.

அவர் நிற்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்பார். மறுநாளும் அதையே சொல்வார். வலி என்றால் எனக்குத் தெரியும். இது வலி இல்லை. அந்தரத்தில் ஒற்றைப் பலகையில் நடந்த மனுசனுக்குத் தரையில் நிற்கப் பயம். அதை அவர் சொல்லவில்லை.

நான் வேறு கொத்தனாரிடம் வேலைக்குப் போனேன். கஞ்சியும் தண்ணீரும் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் திரும்பினால் போட்டது போட்டபடி கிடப்பார். வலப்பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அந்தப் பக்கம் இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. இந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மம்சாபுரத்தில் என் அண்ணன் இருந்தார். அங்கே கண்மாயில் தண்ணீர் வற்றுகிற நேரம். ஒருநாள் பானை வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே உயிரோடு விரால் மீன். எலும்பு ஒடிந்தவர்களுக்கு எங்கள் பக்கம் விரால்தான் கொடுப்பார்கள். செத்த மீன் ஆகாது. உயிரோடு வைத்திருந்து அன்றன்றைக்குப் பிடித்துக் குழம்பு வைக்க வேண்டும்.

"மாப்ள, இதத் தின்னுட்டு எந்திரிச்சு நில்லும். புரட்டாசிச் சனிக்கெழம திருவண்ணாமலப் படி ஏறணும். பெருமாள்ட்ட நான் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் மலைமேல் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலையைச் சொன்னார்.

"எந்தக் கால வச்சு ஏற, மச்சான்?"

"என் கால வேணா கழட்டித் தாரேன். முட்டி வலி உள்ள காலு. பாத்துக்கிடும்."

அவர் லேசாகச் சிரித்தார். விழுந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

பின்வெளியில் ஒரு தொட்டி உண்டு. புழங்குகிற தண்ணீருக்காக அவர் கட்டியது. முழங்கால் உயரம் இருக்கும். அதில் மீன்களை விட்டேன். இரண்டு தரம் குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார். மூன்றாவது தரம் நான் கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அப்போது இரண்டு மீன்தான் மிச்சம்.

"இருக்கட்டும், விடு" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

குழம்பு பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அதுக்கில்ல. பகல் பூரா இந்த வீட்டுல அசையுறது அது ரெண்டுந்தான்."

விரால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக் குடிக்கும். அப்போது தண்ணீரில் ஒரு சத்தம் வரும். நான் இல்லாத நேரமெல்லாம் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது.

அன்றைக்கே கட்டிலைப் பின்கதவுக்கு நேராக இழுத்துப் போட்டேன். தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் இடப்பக்கம் திரும்பித்தான் படுக்க வேண்டும். திரும்பினார். புண்ணுக்குக் காற்றுப் பட்டது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் சுவர்ப்பக்கம் போய்விடுவார்.

வேலை செய்கிற இடத்தில் ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்து டப்பாவில் போட்டுக் கொண்டுவருவேன். அதுதான் மீனுக்குச் சாப்பாடு. மீன் தின்றது. தண்ணீர் கெட்டது. முதலில் பச்சை, பிறகு கறுப்பு. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற அன்று குடத்துக்குக் குடம் இடித்துக்கொண்டு நிற்போம். அதில் தொட்டித் தண்ணீரை மாற்றுவது எங்கே. வீச்சம் கட்டில் வரைக்கும் வந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். பசு வைத்துப் பால் ஊற்றினார். அந்த அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏம்மா, இங்க மனுசி குளிச்சு மூணு நாளாச்சு. உங்க வீட்டு மீனுக்கு மட்டும் நித்தம் நீச்சலா? நாத்தத்துல எம்மாடு பாலக் கட்டிக்கிட்டு நிக்குது."

அக்கா சொன்னது நியாயம்.

கொஞ்ச நாளில் ஒரு மீனின் விலாவில் செதில் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. அவர்தான் முதலில் பார்த்தார். "அதுக்கும் புண்ணு வந்துட்டு" என்றார். அண்ணனை வரச்சொல்லிக் கண்மாயிலேயே கொண்டு விட்டுவிடலாமா என்று கேட்டேன். கண்மாயில் தண்ணீர் ஏது என்றார்.

மறுநாள் நான் வந்து முகம் கழுவுவதற்குள் கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் புழங்குகிற தண்ணீர் வேலியோரமாக வாய்க்காலில் ஓடும். அங்கே கல்வாழை அடர்ந்து கிடக்கும், கூடச் சேம்பும். படுத்த இடத்தில் இருந்து வேலிக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்த வாய்க்காலப் பாரு. வேருக்குள்ள கறுப்பாப் போவுது. அங்குட்டு வாரப்ப தெளிஞ்சு வருது. வேரு குடிச்சிருது."

நான் அந்த வாய்க்காலைத் தினமும் தாண்டிப் போகிறவள். பார்த்ததே இல்லை.

அவர் படுத்தபடியே யோசித்து வைத்திருந்தார். மீன் தொட்டியை ஒட்டி உயரமாக இன்னொரு சின்னத் தொட்டி. அடியில் செங்கல் துண்டு, அதற்கு மேல் ஜல்லி, அதற்கு மேல் மணல். அதில் செடி. மீன் தொட்டியின் அடித்தண்ணீரை மொண்டு மேல் தொட்டியில் ஊற்ற வேண்டும். அழுக்கெல்லாம் மணலிலும் வேரிலும் நின்றுவிடும். தெளிந்த தண்ணீர் ஒரு பைப் வழியாக மறுபடியும் மீனுக்கே விழும். மோட்டார் வேண்டாம், புதுத்தண்ணீரும் அவ்வளவாக வேண்டாம்.

எதற்கு அவ்வளவு உயரம், குனிந்து மொண்டு நிமிர்ந்து ஊற்றினால் என் இடுப்பு என்ன ஆவது என்றேன். மட்டமாகக் கட்டினால் உட்கார்ந்தே ஊற்றலாமே என்று கேட்டேன். உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கும் என்றார். நின்றுதான் ஊற்ற வேண்டும் என்றார். அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு கட்டி மிஞ்சிய செங்கல் கிடந்தது. சிமெண்டுக் கடை பாய் ஒரு துண்டுப் பைப்பைச் சும்மா கொடுத்தார். கொத்தனார் எப்போது எழுந்து நடப்பார் என்று கேட்டார். நடப்பார் என்று மட்டும் சொன்னேன்.

கலவையைக் குழைத்துவிட்டு நின்றேன். வரிசையாகக் கல் வைக்க ஆள் வேண்டுமே.

"கரண்டிய எடு" என்றார்.

சித்தாள் கொத்தனார் கரண்டியைத் தொட மாட்டாள். இத்தனை வருசம் கலவை சுமந்திருக்கிறேன். கழுவி வைப்பதற்குக்கூட அவர் தன் கரண்டியை என் கையில் தந்ததில்லை. எங்கேயும் அப்படித்தான். தவறித் தாண்டிவிட்டாலும் ஏசுவார்கள். கரண்டி கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி இருந்தது. எடுத்தேன். கைப்பிடி அவர் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. என் விரல் அந்தப் பள்ளத்தில் சேரவில்லை.

"ஏட்டி, தோசையா ஊத்துத? தடவாத. அள்ளி வீசு."

வீசினேன். பாதி கல்லில் விழுந்தது. பாதி என் கால்மேல் விழுந்தது.

"கல்லுக்குத்தான் கலவ. காலுக்கில்ல."

"அம்புட்டு நல்லாத் தெரிஞ்சா வந்து வைக்கது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர், அடுத்த கல்லை இடப்பக்கம் தள்ளி வை என்றார். வைத்தேன்.

வேலைக்குப் போய் வந்து, வெளிச்சம் இருக்கிறவரைக்கும் கட்டுவேன். அவர் கட்டிலில் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்துச் சொல்வார். நாளாக ஆக, முதுகுக்கு மூட்டையைக் கொடுத்து உட்கார்ந்து சொன்னார். சுவர் கொஞ்சம் வயிறு தள்ளித்தான் வந்தது. தூக்குக்குண்டைப் பிடித்து நேர் பார்க்கவா என்று கேட்டேன். "வேண்டாம். அதுவும் மயங்கி விழுந்துரும்" என்றார்.

உள்பூச்சுப் பூசியதும் பால்பூச்சும் போடச் சொன்னார். சிமெண்டை மட்டும் தண்ணீரில் கரைத்து வழவழவென்று தேய்த்து முடிக்கிற பூச்சு அது. அவர் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். அவர் வேலைக்கு அதில்தான் பேர். கட்டிலில் இருந்து தொட்டியின் உட்பக்கம் தெரியாது. மின்னுகிறதா என்று கேட்டார். என் முகம் தெரிகிறது என்றேன். திருப்தியாகப் படுத்துக்கொண்டார்.

ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு வைத்தோம். பிறகு செங்கல் துண்டு, ஜல்லி, மணல் எல்லாம் போட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக் கல்வாழைக் கிழங்கும் சேம்பும் பெயர்த்து வந்தேன். அண்ணன் ஒரு சாக்கில் கோரை கொண்டுவந்தார், மீன் தொட்டிக்குள் போட வேலம்பாசியும் கொஞ்சம். நட்டு முடித்து, முதல் வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பைப்பில் சொட்டியது. பிறகு நூலாக விழுந்தது. தெளிந்த தண்ணீர். ஒரு டம்ளரில் பிடித்து அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

மறுநாள் நான் வேலையில் இருந்து வந்தபோது ஒரு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. மற்றது மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கல்வாழை இலையெல்லாம் ஓரம் கருகியிருந்தது. அவர் வலப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக் கிடந்தார். மீன் மதியமே மிதந்திருக்கிறது. எழுந்து போய் எடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

உயிரோடு இருந்ததைப் பிடித்துக் குடிதண்ணீர் அண்டாவில் விட்டு, புடைக்கிற சொளகால் மூடிக் கல்லை வைத்தேன். செத்ததைப் புதைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சுவர்தான். புண்ணில் மறுபடியும் நீர் கோத்தது. எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இவர் இனி இப்படியே இருந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா பால் கொண்டுவந்தார். கருகின இலையைப் பார்த்தார். குனிந்து தொட்டியில் விரலை முக்கி நாக்கில் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நீள்ளு காறுதும்மா, தண்ணியெல்லாம் சிமெண்டுக் காரம். புதுச் சிமெண்டுத் தொட்டியில யாராவது உசுரக் கொண்டு விடுவாங்களா? எங்க மாட்டுத் தொட்டி புதுசாக் கட்டுனப்ப எம்மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. வாழத்தண்ட வெட்டிப் போட்டு, சாணியக் கரச்சு ஊத்தி ஊறப் போட்டேன். தண்ணிய மாத்தி மாத்தி ஊத்தணும். பொறவுதான் அது வாய வச்சுச்சு."

அவர் சுவரில் இருந்து திரும்பினார்.

"அந்தத் தொட்டி நாங் கட்டுனதுதானக்கா?"

"நீதான் கட்டுன. நல்லா மினுமினுன்னு கட்டிட்டுப் போயிட்ட. மாடு குடிச்சுதா குடிக்கலையான்னு நின்னு பாத்தியா நீ?"

அவர் அக்காவையே பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். ஊரெல்லாம் எத்தனையோ தொட்டி கட்டியவர். கட்டி முடித்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எல்லாக் கொத்தனாரும் அப்படித்தான். கட்டிய தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும்படி ஆனது அவருக்கு இது ஒன்றில்தான்.

"வாழத்தண்டு கெடைக்குமா பாரு" என்றார் என்னிடம்.

செடியை எல்லாம் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றினேன். மணலையும் ஜல்லியையும் வெளியே அள்ளினேன். இரண்டு தொட்டியையும் ஊறப் போட்டேன். எங்களுக்குத் தண்ணீர் போதவில்லை. அக்கா தன் வீட்டில் இருந்து குடம் குடமாகக் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஏசிவிட்டுத்தான் கொடுத்தார். ஆடி முழுக்க அந்த வேலையாகப் போனது. விரால் அவ்வளவு நாளும் அண்டாவில் கிடந்தது. நாங்கள் குடிக்கப் பானையில் வைத்துக்கொண்டோம்.

மறுபடியும் நட்டேன். இந்தத் தடவை இலை கருகவில்லை. காலையில் வேலைக்குப் போகும்முன் ஐந்தாறு வாளி, வந்த பிறகு ஐந்தாறு வாளி மொண்டு ஊற்றுவேன். முதலில் வீச்சம் போனது. பிறகு கறுப்புப் போனது. அப்புறம் தொட்டியின் அடி தெரிந்தது. விரால் நிழல் மாதிரி அசையாமல் நிற்பது தெரிந்தது. மீனின் அழுக்கைத் தின்று கல்வாழை ஆள் உயரத்துக்கு எழுந்து சிவப்பாகப் பூத்தது. அவருக்கும் புண் காய்ந்துகொண்டு வந்தது.

ஆனால் நிற்கவில்லை. புரட்டாசியும் போய்விட்டது. அண்ணன் மட்டும் படி ஏறிவிட்டு வந்து பிரசாதம் கொடுத்தார். என் வீட்டுக்காரரின் ஒடிந்த காலைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கால் மற்றதைவிடச் சின்னதாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் மதியத்துக்கு மேல் மழை கொட்டியது. வேலையை நிறுத்த நேரமாகிவிட்டது. நான் நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன். தொட்டி விளிம்பு வரைக்கும் நிரம்பித் தளும்பியது. தொட்டியில் இருந்து வேலி வரைக்கும் சேற்றில் ஒரு தடம் கிடந்தது, மூட்டையை இழுத்துப்போன மாதிரி. அதே தடம் பின்வாசல் வழியாக உள்ளேயும் வந்து கட்டிலில் முடிந்தது.

அவர் கட்டிலில் கிடந்தார். தலை ஈரமாக இருந்தது. இரண்டு முழங்கையும் சிராய்த்திருந்தது. உடுப்பெல்லாம் சேறு.

"மழத்தண்ணி கண்டா தாவிரும்னு மச்சான் சொன்னாரு. நாங் கேக்கல" என்றார்.

நான் திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். விரால் மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு உள்ளே போனது.

வெந்நீர் வைத்தேன். கையைத் துடைத்தேன். மண் ஆழமாகப் போயிருந்தது. அவர் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வழுக்குது பாத்துக்க. கையில நிக்க மாட்டேங்குது. லுங்கிய அவுத்துப் போட்டு அமுக்கித்தான் பிடிச்சேன். நல்லவேள, அக்கா வெளிய வரல."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தொட்டிய விட்டுத் திரும்பயில கால ஊனுனேன். ஒண்ணும் ஆகல" என்றார்.

தொட்டிக்கு மேலே பழைய வலையைப் போட்டுக் கட்டினேன்.

அவர் அதற்குப் பிறகு சாரம் ஏறவில்லை. கம்பை ஊன்றி நடந்தார். தரையோடு செய்கிற வேலைகளை மட்டும் எடுத்தார். தளவாய்புரம் வரைக்கும் மாட்டுத் தொட்டி கட்டப் போனார். கட்டி முடித்த பிறகு வாழைத்தண்டு வெட்டிப் போட்டு, மாடு வாய் வைக்கிற அன்று போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். அடுத்த வருசம் புரட்டாசிச் சனிக்கிழமை அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு திருவண்ணாமலைப் படி ஏறினார். பாதியில் உட்கார்ந்து, இது போதும், பெருமாள் இங்கே இறங்கி வரட்டும் என்றார்.

அதற்கெல்லாம் முன்னால், அந்த ஐப்பசியிலேயே, மழை விட்டிருந்த ஒரு காலை. நான் தூக்கத்தில் இருந்தேன். பைப்பில் இருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் ஊற்றாமல் அந்தச் சத்தம் வராது.

கண்ணைத் திறந்தேன். கட்டில் காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. கல்வாழை இலைகளுக்கு நடுவே அவர் தலை தெரிந்தது. உட்கார்ந்திருந்தால் தெரியாது. ஒரு கையால் மேல் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தார். மறுகையில் செம்பு. மொண்டு, நிமிர்ந்து, ஊற்றி, மூச்சு வாங்கி, மறுபடியும் மொண்டார்.

ஓடிப்போய்ப் பிடிக்கத் தோன்றியது. போகவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தத் தண்ணீர் விழுவதைக் கேட்டபடி இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன்.